எட்டாம் வகுப்புக்கு அப்பால்



திருப்பதிக்குச் சென்று வாராத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிது. டெல்லியில் வாழ்ந்தாலும், மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழ்ந்தாலும், ஆண்டுக்கொரு முறையேனும் ஏழுமலையான் சந்நிதியில் நின்று வரவேண்டும் என்ற விருப்பம் நம்மவர் உள்ளத்தில் உண்டு. ரயிலை விட்டு இறங்கிய கணம் முதல் மலையடிவாரம் சேரும் வரை எத்தனையோ பேரைக் கடந்து செல்கிறோம். உணவு விடுதியில் மேசை துடைக்கும் பையன், தங்கும் விடுதியின் வாயிலில் பெட்டியைத் தூக்க முந்துகின்றவன், தேநீர்க் குவளைகளைக் கம்பிக் கூடையில் வைத்துக்கொண்டு ஓடுகின்றவன் ஆகிய இவர்களில் சிலருக்கு வயது பதினைந்தோ பதினாறோ இருக்கும். நேரமோ முற்பகல் பத்து மணி. நாளோ பள்ளி நாள். தரிசனத்துக்கு விரையும் யாத்திரிகர் எவரும், "தம்பி, எத்தனாவது வரை படித்தாய்?" என்று நின்று கேட்பதில்லை. கேட்டால், எட்டு என்றோ ஒன்பது என்றோ விடை வரக்கூடும். அந்த விடைக்குப் பின்னால் இருக்கும் செய்தியையே இன்று பேச விரும்புகிறோம்.

மத்திய அரசாங்கத்தின் சுற்றறிக்கைகளையும் திட்டக் குறிப்புகளையும் தமிழாக்கும் பணியில் உள்ள நம் போன்றோர்க்கு, படிப்பைப் பாதியில் விட்ட மாணவரைக் குறிக்கும் சொல் அடிக்கடி எதிர்ப்படும். ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் உதிர்ந்து விழுந்தவர் என்பதாகும். தமிழில் இடைநின்றோர் என எழுதுகிறோம். இரண்டு சொற்களுமே செயலைக் குழந்தையின் தலையில் ஏற்றுகின்றன. நின்றவன் அவன், விழுந்தவன் அவன் என்று கூறி முடித்துவிடுகின்றன. அவனை நிறுத்தியது எது என்ற வினா அச்சொற்களில் இல்லை. பொதுக்கொள்கை என்பது அந்த வினாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தக் கவலை புதியதன்று. 1929இல் அறிக்கை தந்த ஹார்ட்டாக் குழு, 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளில் 1925-26இல் நான்காம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தோர் 18 பேரே என்று கணக்கிட்டுக் காட்டியது. 1966இல் அறிக்கை தந்த கோத்தாரிக் குழு, இதனை நோய் என்று கொள்ளாமல், வேறு நோய்களின் அறிகுறி என்றே கொண்டது. இன்று தொடக்கப்பள்ளியில் சேராத குழந்தை மிக அருமை. ஆயினும் சிக்கல் மறைந்துவிடவில்லை. நான்காம் வகுப்பு வாசலிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வாசலுக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் மத்திய கல்வித்துறைக் கணக்கின்படி, உயர்நிலை வகுப்புகளில் படிப்பை விட்டோர் அகில இந்திய அளவில் நூற்றுக்கு 12.6, ஆந்திரப் பிரதேசத்திலோ நூற்றுக்கு 16க்கு மேல்.

சித்தூர், திருப்பதிப் பகுதியை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1911இல் வடஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லைத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, திருத்தணி சென்னை மாநிலத்தோடும் சத்தியவேடு ஆந்திரத்தோடும் சேர்ந்தன. 2022இல் பழைய மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. நம்மைப்போல் அவர்கள் பெட்டி கட்டிப் புறப்பட்டவர்கள் அல்லர். இருந்த இடத்தில் இருக்கவே, எல்லைக்கோடு அவர்களைக் கடந்து சென்றது. ஆயினும் வேற்றுமொழி மாநிலத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கும் கவலை அவர்களுக்கும் நமக்கும் ஒன்றே.

பிள்ளை பள்ளியை விடுவதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலாவது, கூலி. நகரியிலோ புத்தூரிலோ விசைத்தறி ஓட்டும் குடும்பம் ஒன்றை மனத்திற் கொள்வோம். தந்தையின் வருவாய் வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாக இருக்கிறது. மூத்த மகனுக்கு வயது பதினான்கு. அவன் தறியண்டை நின்றால் ஒரு கூலியாள் மிச்சம். சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் கிளிமூக்கு மாம்பழம் பறிக்கப்பட்டுக் கூழ் ஆலைகளுக்குச் செல்வது ஜூன், ஜூலை மாதங்களில். பள்ளி திறப்பதும் ஜூன் மாதத்தில்தான். தோப்பிலும் ஆலையிலும் ஆள் தேவைப்படும் அதே வாரங்களில் ஒன்பதாம் வகுப்பின் முதற் பாடங்கள் நடந்து முடிகின்றன. ஆகஸ்டு மாதத்தில் திரும்பி வரும் பையனுக்குக் கரும்பலகையில் இருப்பது விளங்குவதில்லை. விளங்காத வகுப்பில் அமர்ந்திருப்பதைவிடக் கூலிக்குப் போவது அவனுக்கே கௌரவமாகத் தோன்றிவிடுகிறது.

இந்தக் கூலிக் கணக்கை நேருக்கு நேர் எதிர்கொண்ட திட்டம் ஒன்று சித்தூர் நகரிலேயே தொடங்கியது. 2020 ஜனவரி 9ஆம் நாள் ஆந்திர அரசாங்கம் அங்கே ‘அம்ம ஒடி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. ஒடி என்பது தெலுங்கில் மடியைக் குறிக்கும். அம்மாவின் மடி என்பது பொருள். முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளையைப் படிக்க வைக்கும் ஏழைத் தாயின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 15,000 ரூபாய் செலுத்துவது அதன் ஏற்பாடு. பிள்ளையின் வருகை நூற்றுக்கு 75 இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஆண்டில் அது தளர்த்தப்பட்டது. பிற்பாடு பள்ளிப் பராமரிப்புக்கென்று அத்தொகையில் ஒரு சிறு பகுதி பிடிக்கப்பட்டது.

பணத்தைத் தாயின் கையில் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தும் இம்முறை உலகில் வேறிடங்களிலும் கையாளப்பட்டது. மெக்ஸிகோ 1997இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. பிரேஸில் நாட்டில் 2003இல் ‘போல்சா ஃபமிலியா’ என்ற பெயரில் பெருந்திட்டமாக வளர்ந்தது. தந்தையைவிடத் தாயிடம் சேரும் பணம் குழந்தைக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையே இவற்றின் அடிப்படை.

ஆனால் 15,000 ரூபாய் எவ்வளவு தூரம் செல்லும்? ஒரு பையனுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் கூலி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது ஐம்பது நாள் கூலிக்கு ஈடு. பத்து வயதுக் குழந்தையின் தாய்க்கு அது பெருந்தொகை; அக்குழந்தை வேறு வழியில் சம்பாதிக்கப்போவதில்லை. பதினைந்து வயதுப் பையனின் வீட்டிலோ, ஆண்டின் பெரும்பகுதிக் கூலியோடு அத்தொகை போட்டியிட வேண்டியிருக்கிறது. ஒரே தொகை எல்லா வகுப்புக்கும் என்ற ஏற்பாடு, விலகும் ஆபத்து குறைவான இடத்தில் தாராளமாகவும், ஆபத்து மிகுந்த இடத்தில் சிக்கனமாகவும் அமைந்துவிடுகிறது. மெக்ஸிகோத் திட்டத்தில் மேல்வகுப்புக்குச் செல்லச் செல்லத் தொகை கூடியது என்பதை இங்கே நினைவு கூர்தல் தகும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. அம்ம ஒடியில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் தாய் ஒருத்திக்கு ஒரு தொகையே. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இளையவன் பள்ளிக்குச் சென்றாலே பணம் வந்துவிடும். மூத்தவனை வேலைக்கு அனுப்பினால் இழப்பில்லை. 2024இல் ஆட்சி மாறிய பின், 2025 ஜூன் மாதத்தில் ‘தல்லிகி வந்தனம்’, அதாவது தாய்க்கு வணக்கம் என்னும் புதுத் திட்டம் வந்தது. அதில் படிக்கும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொகை. 15,000இல் 13,000 தாய்க்கும் 2,000 பள்ளிப் பராமரிப்புக்கும் என்று வகுக்கப்பட்டது. மூத்தவனுடைய இடமும் இவ்வாறு கணக்கில் ஏறிற்று. திட்டத்துக்குச் சூட்டும் பெயரினும், இத்தகைய சிறு விதிமாற்றமே பிள்ளையின் வாழ்வில் அதிக வேலை செய்யும் என்பதை நாம் மறக்கலாகாது.

இரண்டாவது காரணம் பசியும் தூரமும். பள்ளிச் சத்துணவின் வரலாறு தமிழர்க்குப் புதிதன்று; 1920இல் சென்னை நகராட்சி தொடங்கிய முயற்சியும், 1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வளர்ந்த சத்துணவும் யாவரும் அறிந்தவை. ஆந்திரப் பிரதேசத்தில் சமைத்த உணவு 2003இல் தொடக்கப்பள்ளிகளில் வந்தது. 2008இல் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கும் மாநிலச் செலவில் நீட்டிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அரசு ஜூனியர் கல்லூரிகளுக்கும் அது எட்டியது. எட்டாம் வகுப்புவரை சோறு போட்டுவிட்டு ஒன்பதாம் வகுப்பில் தட்டைப் பறிப்பது எவ்வளவு பொருந்தாத செயல் என்பதை இந்தப் படிப்படியான நீட்டிப்பே ஒப்புக்கொள்கிறது.

தூரம் பெண் பிள்ளைகளுக்கே மிகுந்த தடை. தொடக்கப்பள்ளி தெருமுனையில் இருக்கும். உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருக்கும். 2009இல் வந்த மத்திய இடைநிலைக் கல்வித் திட்டம், ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்ற இலக்கை வகுத்தது. ஐந்து கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் சிறிய தொலைவு. மாலை ஐந்து மணிக்குப்பின் கரும்புத் தோட்டத்து வழியே தனியாக வரும் பெண்ணின் தாய்க்கு அது சிறியதன்று. பீகார் அரசாங்கம் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு மிதிவண்டி கொடுத்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை குறிப்பிடத்தக்க அளவு பெருகியது என்று ஆய்வாளர் கண்டனர். ஆந்திரமும் 2017இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு மிதிவண்டி வழங்கியது. 2004இல் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி பெண்கள் உறைவிடப் பள்ளிகளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை உயர்த்த 2018இல் வழி செய்யப்பட்டது.

பெண்ணின் படிப்பை முடிக்கும் மற்றொரு மணி, மணமேளத்தின் ஒலி. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டு வயதுக்கு முன்பே மணம் முடிந்தவர் ஆந்திரப் பிரதேசத்தில் நூற்றுக்கு 29.3, இந்தியா முழுமைக்கும் 23.3. இதனை உணர்ந்தே, 2022இல் அறிவிக்கப்பட்ட திருமண உதவித் திட்டத்தில், மணமகனும் மணமகளும் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று ஆந்திர அரசாங்கம் விதித்தது. கல்வித் துறைக்குப் புறம்பான ஒரு திட்டத்தில் வைத்த ஒரு வரி, பள்ளிக்கு வெளியிலிருந்து பள்ளிக்குக் காவல் நின்றது.

மூன்றாவது காரணம், கற்காமலே வகுப்பு ஏறுதல். 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை குழந்தையை எந்த வகுப்பிலும் நிறுத்தி வைக்கலாகாது என்றது. 2019இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. தோல்வியின் அவமானத்தால் குழந்தைகள் ஓடிவிடக்கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது. எனினும், மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறிய பிள்ளை, திணறலோடே ஒன்பதாம் வகுப்பை அடையும்போது, இயற்கணிதமும் பௌதிகமும் அவனுக்குச் சுவராக நிற்கின்றன. ஒன்பதில் நிற்கின்ற பிள்ளை உண்மையில் மூன்றிலேயே நின்றவன்.

இதற்கு மாற்றுக் கண்ட இடமும் இப்பகுதியிலேயே உள்ளது. மதனப்பள்ளிக்கு அருகே, அந்நாளைய சித்தூர் மாவட்டத்தில், ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியைச் சார்ந்த ஆசிரியர்கள், 1980களின் பிற்பகுதியிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களில் சிறு பள்ளிகளை நடத்தினர். பாடநூலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகளாக்கினர். ஒவ்வொரு குழந்தையும் தன் படியில் தொடங்கித் தன் வேகத்தில் ஏறும். நிலக்கடலை அறுவடைக்காக இரு வாரம் வராத குழந்தை, திரும்பியதும் விட்ட அட்டையிலிருந்தே தொடரும். வகுப்பு அவனை விட்டு ஓடியிருக்காது. இம்முறையைக் கண்டு, 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் புகுத்தப்பட்டது. பின்னர் தமிழ்நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளில் பரவியது. கருநாடகத்தின் ‘நலிகலி’ முறைக்கும் இதுவே தூண்டுதல். இந்த வழி உயர்நிலை வகுப்புகளுக்கு இன்னும் போதுமான அளவு வரவில்லை, வர வேண்டும்.

நான்காவது காரணம் மொழி. இஃது நம் நேயர்களின் நெஞ்சுக்கு மிக அணுக்கமானது. அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கநிலையில் தாய்மொழியில் பயில வசதி செய்ய வேண்டும் என்கிறது. 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அதற்கும் முன்பே, 1949இல் கூடிய மாநிலக் கல்வி அமைச்சர் மாநாடு ஓர் அளவு வகுத்தது: வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ, பள்ளியில் நாற்பது பிள்ளைகளோ இருந்தால் அவர்கள் மொழியில் கற்பிக்க ஆசிரியரை நியமிக்க வேண்டும். உயர்நிலைக்கென்று பின்னர்த் தென்மண்டலக் கவுன்சில் வழியே ஏற்பட்ட உடன்பாட்டில், வகுப்புக்குப் பதினைந்து, கடைசி நான்கு வகுப்புகளிலும் சேர்த்து அறுபது என்று அளவு உயர்ந்தது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் வகுப்புக்குப் பன்னிருவர் தமிழில் படிக்கின்றனர். விதிப்படி ஆசிரியர் உண்டு. அதே பன்னிருவரும் ஒருவர்கூடக் குறையாமல் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றாலும், பதினைந்து என்ற அளவுக்கு மூவர் குறைவு. ஆகவே தமிழில் வரலாறும் கணக்கும் கற்ற பிள்ளை, திடீரெனத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ அவற்றைக் கற்க வேண்டியதாகிறது. வீட்டிலும் தெருவிலும் தெலுங்கை நன்றாகப் பேசுகின்ற பிள்ளையும், அறிவியல் நூலின் தெலுங்கை வாசிக்கும்போது மருளுதல் இயற்கை. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழித் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்த தாராவித் தமிழர்க்கு, அதன்பின் எங்கே என்ற இந்த வினா நன்கு தெரியும். மாநில மொழியை வெறுத்து ஒதுக்குவது இதற்குத் தீர்வாகாது; அம்மொழியே அங்கே பிழைப்புக்கும் உறவுக்கும் வழி. மொழி மாறும் ஆண்டில் பிள்ளைக்குப் பாலம் போன்ற தனிப்பயிற்சி, இருமொழிக் கலைச்சொல் ஏடு, உரிய காலத்தில் கைக்கு வரும் பாடநூல், காலியிடமாகக் கிடவாத ஆசிரியர் பதவி ஆகிய இவை நான்கும் இருந்தால் பெரும்பாலோர் கரையேறிவிடுவர். செலவும் மிகப் பெரிதன்று.

இவை யாவற்றுக்கும் மேலாக ஒரு சட்ட இடைவெளி இருக்கிறது. கட்டணமில்லாக் கல்வி உரிமை 6 முதல் 14 வயதுவரை. குழந்தைத் தொழில் தடைச் சட்டம், 2016இல் திருத்தப்பட்ட பின், 14 முதல் 18 வயதுவரை உள்ளோரை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது. பதினான்காம் பிறந்தநாள் கழிந்ததும், கல்விச் சட்டம் பிள்ளையின் ஒரு கையை விட்டுவிடுகிறது. தொழிற்சட்டம் மற்றொரு கையைத் தளர்த்திவிடுகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பதினெட்டு வயதுவரை எல்லோரையும் பள்ளியில் வைத்திருப்பதை 2030க்குள் எய்தவேண்டிய இலக்காகக் கூறுகிறது. இலக்கு வரவேற்கத்தக்கது. உரிமையோ வழக்காடிப் பெறத்தக்கது. இலக்கை உரிமையாக்குவதே இனிச் செய்யவேண்டிய பெரும்பணி என்பது நமது கருத்து.

உதவி சரியான வேளையில் கிடைத்தால் என்ன விளையும் என்பதற்கு இப்பகுதியே சான்று தரும். 1896 முதல் 1900 வரை திருப்பதியின் லூதரன் மிஷன் பள்ளியில், திருத்தணிக்காரச் சிறுவன் ஒருவன் படித்தான். எளிய குடும்பம், படிப்புக் காலம் நெடுகவும் உபகாரச் சம்பளங்கள் துணை நின்றன. அச்சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவராய் விளங்கிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். எல்லாப் பிள்ளைகளும் அவ்விடம் சேர வேண்டுவதில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டினால் போதும். தாதியாகவும் மின்தொழிலாளியாகவும் எழுத்தராகவும் நிமிர்ந்து வாழ வழி பிறக்கும்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் என்ன செய்யலாம்? நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவையும் பட்டிமன்றத்தையும் சிறப்பாக நடத்துகின்றன. அவற்றோடு, ஏப்ரல் மாதத்தில் எட்டாம் வகுப்பை முடித்த நம் பகுதிப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளலாம். ஜூலை மாதத்தில் அதே பட்டியலைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பெயரும் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஏறியதா என்று விசாரிக்கலாம். ஏறாத பெயருக்குரிய வீட்டுக்கு இருவர் சென்று வரலாம். மாற்றுச் சான்றிதழ் தடையா, கட்டணம் தடையா, மொழி தடையா என்பது அங்கே அரை மணியில் தெரிந்துவிடும். ஏற்கெனவே விட்டுவிட்டவர்க்கும் கதவு அடைபடவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989 முதலும், ஆந்திரத் திறந்தநிலைப் பள்ளி 1991 முதலும் இயங்குகின்றன. வேலை செய்துகொண்டே பத்தாம் வகுப்பு எழுதலாம்.

அரசாங்கம் சோறும் பணமும் மிதிவண்டியும் தரலாம், தர வேண்டும். குறிப்பிட்ட ஒரு பிள்ளை குறிப்பிட்ட ஒரு திங்கட்கிழமை ஏன் வரவில்லை என்பதை அறிவதற்கு அண்டை வீட்டார்தான் அருகில் இருக்கிறார்கள். அந்தத் திங்கட்கிழமையை நழுவ விடாதிருப்போமாக.